இருநூறு கிராம்

பி.காம். இரண்டாம் ஆண்டில்
தேவைக் கோட்டை அளவுகோல் வைத்துச்
சரிவாக வரைந்து
பத்துக்கு எட்டு வாங்கினேன்.
அந்தக் கோட்டில் புரட்டாசி எங்கே வருமென்று
யாரும் கேட்கவில்லை.

புரட்டாசி முதல் சனி.
நீடாமங்கலம் கடைத்தெருவில்
கறி வெட்டும் கட்டை கழுவிக் கவிழ்ந்திருந்தது.
ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோன காளான்,
இருநூறு கிராம் பாக்கெட் எண்பது,
ஒன்பது மணிக்குள் தீர்ந்தது.
அடுத்த சனி நாற்பதை நாற்பத்தெட்டு ஆக்கினேன்.
ஒரு முகமும் சுளிக்கவில்லை.
அதற்கடுத்த சனி
ஐம்பத்தைந்து என்று வாய் திறந்ததும்
பாதிப் பேர் பன்னீருக்குப் போய்விட்டார்கள்.
ஏழு ரூபாய் அகலம்தான் அந்த வாய்க்கால்.
விழுந்துதான் அளக்க முடிந்தது.

வைக்கோலுக்கு விலை போடவே இல்லை நான்.
குறுவை அறுத்த எங்கள் வயல், எங்கள் வைக்கோல்,
சும்மா கிடப்பதுதானே?
பாலக்காட்டு லாரி ஒன்று வந்து
களத்தோரம் நின்றது.
கட்டுக்கு நூற்றுப்பத்து என்றார் ஓட்டுநர்.
அந்த நொடியில்
என் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த ஒவ்வொரு கட்டும்
நூற்றுப்பத்து ரூபாய் ஆயிற்று.
நான் பார்த்தே இராத ஒரு பசு
மலைக்கு அந்தப் பக்கம் அசைபோட்டபடி
என் அடக்கவிலையைத் திருத்தியது.

இரண்டாவது கொட்டகை
மகளிர் குழுக்கடனில் எழுந்தது.
ஐப்பசி பிறந்தது, கட்டை நிமிர்ந்தது.
தீபாவளிக்கு ஆட்டுக்கறி வரிசை
மருந்துக்கடை வரை நீண்டது.
காளானுக்கு நாட்காட்டி தெரியாது.
இரண்டு கொட்டகையும் ஒரே விடியலில்
காது காதாய்ப் பூத்துத் தொங்கின.

மிஞ்சியது அறுபது பாக்கெட். ஆயுள் இரண்டு நாள்.
கல்யாணச் சமையல் பக்கிரிசாமி
"இருபத்திரண்டு. பணம் அடுத்த வாரம்" என்றார்.
"அடக்கமே முப்பத்து மூணு.
குப்பையில கொட்டினாலும் கொட்டு,
நட்டத்துக்குக் குடுக்காத" என்றான் அண்ணன் கலியமூர்த்தி.
முப்பத்து மூன்று, வெண்ணாற்றில் போன தண்ணீர்.
எந்த மதகை இறக்கியும் திருப்ப முடியாது.
என் முன்னால் இருந்தவை
எருக்குழியும் பக்கிரிசாமியும்.
"இருபது. இப்பவே கையில" என்றேன்.
எண்ணிக் கொடுத்தார்.

சரியான கணக்குதான்.
ஆனால் மறுவாரம் வந்தவர்
கூடையைப் பார்க்காமலே கேட்டார்:
"இருபதுதானே?"
விலைக்கும் ஞாபகம் உண்டு என்பதை
நான் எந்தப் பத்தியிலும் எழுதியிருக்கவில்லை.

கூத்தாநல்லூர் ஹாஜா மைதீன் கடையில்
நாற்பத்து நான்கு தருகிறார்கள்.
டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை.
அந்த இலவச பஸ்ஸுக்காக நான் நிற்பது
ஒன்றேகால் மணி நேரம்.
அதை எங்கே எழுதுவதென்று நோட்டைப் புரட்டினேன்.
'என் கூலி' என்று நானே கோடு போட்டு
ஏழு மாதமாய் வெறுமையாய் விட்டிருந்த பத்தி.
நாளுக்கு முந்நூறு என்று நிரப்பினேன்.
"ஒனக்கு நீயே சம்பளமா?"
அண்ணன் சிரித்தான்.
ஒன்பதாயிரத்து இருநூறு லாபம்
இருநூறாகச் சுருங்கியதும்
நோட்டை வாங்கி மறுபடி கூட்டினான்.
இருநூறுதான் வந்தது.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது.
இரண்டாம் கொட்டகையில்
பாதிக் கயிறுகளைச் சும்மா தொங்கவிட்டேன்.
விதை போட்டால் இருபத்து நாலாம் நாள் முதல் பறிப்பு.
தை நான்காம் தேதி முதல் முகூர்த்தம்,
பறிப்பு அதற்கு முந்தின நாள்.
பின்னோக்கி எண்ணிய விரல்
மார்கழி ஒன்பதில் நின்றது.
தினசரிக் காலண்டரில் அந்தத் தாளை மடித்துவைத்துப்
பேனாவால் சுழித்தேன்.

கீழே என் ராசிக்கு 'வரவு' என்று போட்டிருக்கிறது.
தப்பு.
அன்றைக்கு நான் விதை வாங்க வேண்டும்.